பெயரைப் பார்க்காதீர்கள், பேட்டரி ஒயரைப் பாருங்கள்

(பழைய பிரிட்டிஷ் கார் வானொலிகளை இனங்காண்பது குறித்து, நீலசந்திராவில் பழைய வண்டி, பழைய வானொலி ஆர்வலர்கள் நடுவே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பேச்சுக்கு நீலசந்திராவைவிடப் பொருத்தமான இடம் பெங்களூரில் கிடைக்காது. ஆஸ்டின் டவுன் நமக்குக் கூப்பிடு தூரம். (அந்த ஆஸ்டினுக்கும் கார் ஆஸ்டினுக்கும் உறவு கிடையாது. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) ரிச்மண்ட் டவுன், லாங்ஃபோர்டு டவுன் பங்களாக்கள் நடந்து போகும் தூரம். கன்டோன்மென்ட் காலத்தில் அந்த போர்ட்டிகோக்களில் நின்ற மோரிஸும் ஆஸ்டினும் வாக்ஸாலும் துரைமாருடையவை. அவற்றின் பானெட்டுக்குள் தலையை விட்டவர்களில் பலர் தமிழ் பேசினார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுதான்.

அந்த வண்டிகளிலிருந்து கழற்றிய வானொலிகள் இன்னும் சிவாஜிநகரின் குஜிரிக் கடைகளில், அதாவது பழைய சாமான் கடைகளில், தலைகாட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தைக்கும் மெஷின் தலைக்கும் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே ஒன்று கிடக்கும். கையில் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன மேக்?" என்பதுதான். கடைக்காரரும் முகப்பில் இருக்கும் பெயரைப் படித்துச் சொல்வார். வியாபாரம் முடிந்துவிடும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெட்டி பேட்டரியிலிருந்து கரண்டை எப்படி வாங்குகிறது, வாங்கி என்ன செய்கிறது என்பது. அதற்கு விடை தெரிந்தால் செட்டின் வயசு தெரியும், எந்த வண்டியில் இருந்திருக்கும் என்பது தெரியும், இன்றைக்கு அதை உயிர்ப்பிக்கலாமா என்பதும் தெரியும். பெயர் இதில் எதையும் உறுதியாகச் சொல்லாது.

ஏன் சொல்லாது? பெயர்கள் வந்த கதையைப் பாருங்கள். கார் வானொலி பிரிட்டனில் கருவாகவில்லை. 1930-இல் சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் மோட்டோரோலா என்ற பெயரில் விற்றார்கள். 1932-இல் ஜெர்மனியில் பிளாவ்புங்க்ட் வந்தது; அதன் விலை ஒரு சின்னக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பிரிட்டனில் 1933-இல் கிராஸ்லி கம்பெனி தன் வண்டியில் தொழிற்சாலையிலேயே வானொலியைப் பொருத்திக் கொடுத்தது. பிறகு பெயர்கள் பெருகின. சவுத்எண்ட் கடற்கரை ஊரிலிருந்து ஈ.கே.கோல் என்பவரின் எக்கோ. அமெரிக்கப் பெயரோடு லண்டனில் செய்யப்பட்ட ஃபில்கோ. கேம்பிரிட்ஜிலிருந்து பை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, எச்.எம்.வி. ரெக்கார்டு கம்பெனியும் மீட்டர் செய்யும் ஸ்மித்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து லண்டன் கிரிக்கிள்வுட்டில் ரேடியோமொபைல் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. பிரிட்டிஷ் கார்களில் அதிகம் பார்க்கக்கூடிய பெயர் இதுதான். முந்திய செட்டுகளில் கிராமபோன் முன்னால் உட்கார்ந்த நாய்ப்படமோ எச்.எம்.வி. பெயரோ இருக்கும்; போகப்போக அது மறைந்து ரேடியோமொபைல் மட்டும் நிற்கும். அந்த நாயைப் பார்த்து 'இது கல்கத்தா டம்டம் சரக்கு' என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. இசைத்தட்டு டம்டம்மில் அச்சானது உண்மை. இந்தப் பெட்டி கிரிக்கிள்வுட்.

எக்கோ இன்னும் குழப்பும். பம்பாயில் 1940-இல் நேஷனல் எக்கோ என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. பின்னாளில் நெல்கோ என்று டாடா குடும்பத்துப் பெயராக நாமெல்லாம் அறிந்தது அதுவே. வீட்டு வானொலிகள் அங்கிருந்து ஏராளமாக வந்தன. ஆகவே 'எக்கோ' என்று இருந்தால் சவுத்எண்டா பம்பாயா என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பெட்டியின் அடியிலோ பக்கவாட்டிலோ ஆணியடித்த தகட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முகப்பு சொல்லும் பெரிய பொய் வேறொன்று. ஒரே செட்டை ஜாகுவாருக்கும் ரோவருக்கும் மோரிஸுக்கும் விற்பார்கள். மாறுவது குரோமியம் பூசிய முன்தகடும் குமிழ்களும் மட்டுமே. உள்ளே ஓடும் சர்க்யூட் ஒன்றுதான். எனவே ஜாகுவார் தகடு இருப்பதால் அது 'ஜாகுவார் ரேடியோ' ஆகிவிடாது, விலையையும் அதற்காக ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, மேசைக்கு வருவோம். இங்கே மூன்று செட்டுகளை வைத்திருக்கிறேன். முதல் செட்டுக்கு இரண்டு பெட்டி. ஒன்று டயலும் குமிழும் உள்ளது, டாஷ்போர்டில் உட்காரும். மற்றது கனமான இரும்புப் பெட்டி, கால் வைக்கும் இடத்துக்கு மேலே உலோகச் சுவரில் போல்ட் போட்டு நிறுத்துவது. இரண்டுக்கும் நடுவே தடித்த கேபிள். போருக்கு முந்திய செட்டுகளில் இன்னும் விசித்திரம்: முழு வானொலியும் கீழே எங்கோ ஒளிந்திருக்கும், ஸ்டீயரிங் தண்டில் ஒரு சின்னத் தலை மட்டும் இருக்கும், அதிலிருந்து பிரேக் கேபிள் மாதிரி முறுக்குக் கம்பி போய் ஸ்டேஷனைத் திருப்பும். அப்படி ஒரு தலையை யாராவது பார்த்தால் விடாதீர்கள், மிகவும் அபூர்வம்.

இந்தக் கனமான பெட்டி எதற்கு? இது வால்வு செட்; வால்வு வேலை செய்ய 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. வேண்டும். வண்டியில் இருப்பது 12 வோல்ட். மோரிஸ் எய்ட், ஃபோர்டு பிரிஃபெக்ட் மாதிரிப் பழைய சிறு வண்டிகளில் 6 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும், ஆனால் அதற்கு ஏ.சி. வேண்டும், பேட்டரியின் டி.சி.யை அது ஏற்காது. அதனால் நடுவே ஒரு வைப்ரேட்டர். கட்டைவிரல் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினிய டப்பா, வால்வு மாதிரிப் பிடுங்கிச் செருகலாம். உள்ளே ஓர் எஃகு நாக்கு, ஒரு காந்தச் சுருள். சுருள் நாக்கை இழுக்கும், இழுத்தவுடன் அதன் கரண்டே அறுந்துவிடும், நாக்கு திரும்பும், மறுபடி இழுக்கும். நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இந்த ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் பேட்டரிக் கரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் மாறி மாறிப் போகிறது. மறுபக்கம் உயர்ந்த வோல்ட்டில் ஏ.சி. கிடைக்கிறது. அதை மறுபடி டி.சி. ஆக்கினால் வால்வுக்குச் சாப்பாடு தயார்.

அந்த 'மறுபடி டி.சி.' என்ற இடத்தில்தான் இனங்காண்பதற்கான முதல் பிடி இருக்கிறது. சில செட்டுகளில் அதற்கென்று தனியாக ரெக்டிஃபயர் வால்வு உண்டு. சிலவற்றில் வைப்ரேட்டரிலேயே இன்னொரு ஜோடி கான்டாக்ட் வைத்து, நாக்கு ஆடும் அதே தாளத்தில் ஏ.சி.யை நேராக்கிவிடுவார்கள். மிச்சமாவது ஒரு வால்வின் விலை. ஆனால் இந்த இரண்டாவது வகை பேட்டரியின் எந்த முனை பாடியில் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கும். முதல் வகை பார்க்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்த வால்வு செட்டுகள் பேட்டரியைத் தின்னும். மூன்று, நான்கு ஆம்பியர் சாதாரணம். ராத்திரி அணைக்க மறந்தால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சுவிட்சைப் போட்டதும் மெல்லிய ரீங்காரம் கேட்கும். அரை நிமிஷம் கழித்துத்தான் பாட்டு வரும். அந்த ரீங்காரத்தை வானொலியின் கோளாறு என்று நினைத்து வைப்ரேட்டரைப் பிரித்துப் பாழாக்கியவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளே இருக்கும் வால்வுகளில் எழுத்து அழியாமல் இருந்தால் காலக்கணக்கு சுலபம். மல்லார்டும் ஃபிலிப்ஸும் வைத்த பெயர்முறையில் முதல் எழுத்து இழைக்கு எத்தனை வோல்ட் என்பதைச் சொல்லும். 'ஈ' என்றால் 6.3 வோல்ட். அடுத்த எழுத்துகள் வால்வின் வேலை. எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் வகை: 3 என்றால் எட்டுக்கால் ஆக்டல், 4 என்றால் ரிம்லாக் எனப்படும் கண்ணாடி அடி, 8 என்றால் ஒன்பது ஊசி, 9 என்றால் ஏழு ஊசி. ஈ.எல்.41 என்று இருந்தால் போருக்குப் பிந்திய ரிம்லாக் தலைமுறை, அதாவது 1940-களின் பிற்பகுதி, 50-களின் தொடக்கம். ஈ.எல்.84 என்றால் அதற்கும் பின்னால். ஆனால் வால்வு மாற்றப்படுகிற பொருள், அதன் சாக்கெட் மாற்றப்படுவது அரிது. எனவே வால்வைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டைப் பாருங்கள், பெரும்பாலும் அது பொய் சொல்லாது.

இரண்டாவது செட்டைப் பாருங்கள். இதற்கு ஒரே பெட்டி. வைப்ரேட்டர் கிடையாது, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஆனால் வால்வு இருக்கிறது. பலர் இதைப் பார்த்து 'யாரோ பாதியைக் கழற்றி விற்றுவிட்டான்' என்பார்கள். யாரும் எதையும் கழற்றவில்லை. 1950-களின் பின்பாதியில், 12 வோல்ட்டிலேயே வேலை செய்யும்படி தனி வால்வுகள் வந்தன. ஈ.சி.எச்.83, ஈ.எஃப்.97, ஈ.எஃப்.98 என்பவை அந்த வகை. மெல்லிய சிக்னலைக் கையாள அவை போதும். ஸ்பீக்கரை உறும வைக்க அவற்றுக்குத் தெம்பு போதாது. அந்த வேலைக்கு ஒரு ஜெர்மேனியம் பவர் டிரான்சிஸ்டரை வைத்தார்கள். செட்டின் பின்பக்கத்தில், விசிறி மாதிரி மடிப்புள்ள அலுமினியத்தில் அது உட்கார்ந்திருக்கும். வால்வும் டிரான்சிஸ்டரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் மிகவும் குறுகியது. 50-களின் கடைசியும் 60-களின் தொடக்கமும்தான். ஆகவே இப்படி ஒரு செட் கிடைத்தால் அதன் தேதியைப் பெயர்ப்பலகை இல்லாமலே ஏறக்குறைய சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால் மூன்று வகையிலும் சேகரிக்கத் தகுந்தது இதுதான். சந்தையில் மதிப்புக் குறைவு, அதனால் அழிவதும் இதுவே அதிகம்.

மூன்றாவது முழு டிரான்சிஸ்டர். எடை குறைந்தது, உடனே பாடும், ஒரு ஆம்பியருக்கும் கீழே வாங்கும். டிரான்சிஸ்டர் பெயர் 'ஓ.சி.' என்று தொடங்கினால் முந்தியது, 'ஏ.எஃப்.', 'ஏ.டி.' என்றால் பிந்திய ஜெர்மேனியம், 'பி.சி.' என்றால் சிலிக்கான், 60-களின் பிற்பகுதியிலிருந்து. இதில் ஒரு வேடிக்கை. ஏ.எஃப்.114 முதல் 117 வரையிலான டிரான்சிஸ்டர்களின் டப்பாவுக்குள் ஈயப்பூச்சு, மன்னிக்கவும், வெள்ளீயப் பூச்சு. ஆண்டுக்கணக்கில் அந்தப் பூச்சிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழைகள் தாமாக முளைத்து உள்ளேயிருக்கும் கம்பியைத் தொட்டுவிடும். செட் ஊமையாகிவிடும். பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்த டிரான்சிஸ்டருக்கும் இதே கதி. நான்கு கால்களில் டப்பாவோடு இணைந்த ஒரு கால் உண்டு. அதை மட்டும் வெட்டிவிட்டால் பல நேரங்களில் செட் மறுபடி பாடும். பழைய சரக்கைத் தேடி அலைவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இங்கே நம் ஊர் உள்ளே வருகிறது. ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) 1954-இல் தொடங்கப்பட்டது. 1961-இல் வானொலி வால்வுகள் செய்தார்கள், 1962-இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்தக் காலத்தில் லண்டன் செட்டுக்கு லண்டன் வால்வு எங்கே கிடைக்கும்? நம் மெக்கானிக்குகள் பி.இ.எல். வால்வைப் போட்டார்கள். சில நேரம், சாக்கெட் பொருந்தாத இடத்தில் சாக்கெட்டையே மாற்றியதும் உண்டு. கிரிக்கிள்வுட் பெட்டியைத் திறந்து உள்ளே பி.இ.எல். என்ற முத்திரையைப் பார்த்ததும் 'ஒரிஜினல் இல்லை' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் செட் இந்தியாவில்தான் வாழ்ந்தது, இங்கேதான் பழுது பார்க்கப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்? வெளிநாட்டிலிருந்து நேற்று இறக்கிய செட்டில் அது இருக்காது.

இனி டயல். பிரிட்டிஷ் செட் என்பதற்கு டயலில் பெரிய அடையாளம் லாங் வேவ். பி.பி.சி. 1934 முதல் டிராய்ட்விச் நிலையத்திலிருந்து 1500 மீட்டரில், அதாவது 200 கிலோஹெர்ட்ஸில் நாடு முழுக்க ஒலிபரப்பியது. அதனால் அந்த ஊர்க் கார் வானொலி என்றால் மீடியம் வேவும் லாங் வேவும் பெரும்பாலும் இருக்கும். ஐந்து பொத்தான் இருந்தால் ஒன்றிலாவது 'எல்' என்று போட்டிருக்கும். லாங் வேவ் ஒலிபரப்புக்கு இடம் ஒதுக்கப்பட்டது ஐரோப்பா, ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குத்தான். இந்தியாவில் அந்தப் பேண்டில் வானொலி நிலையம் கிடையாது. பெங்களூரில் அந்தப் பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் இரைச்சல்தான். 'ஒரு பேண்டு செத்துவிட்டது சார்' என்று விலையைக் குறைத்துக் கேட்கலாம், அது உங்கள் சாமர்த்தியம். சாகவில்லை என்பது நமக்குள் இருக்கட்டும்.

லாங் வேவுக்குப் பதிலாக ஷார்ட் வேவ் பேண்டு இருந்தால், அது நம்மைப் போன்ற நாடுகளுக்கென்றே செய்த ஏற்றுமதிச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். கையோடு அமெரிக்கச் செட்டையும் சொல்லிவிடுகிறேன்: அதில் லாங் வேவ் இருக்காது, டயல் கிலோசைக்கிளில் இருக்கும், பெரும்பாலும் கடைசி சைபரை விட்டு 55 முதல் 160 வரை எழுதியிருக்கும். பிரிட்டிஷ் டயல் மீட்டரில் இருக்கும், ஏறக்குறைய 190 முதல் 550 வரை.

மீட்டர் டயலில் நம் நிலையங்களை எப்படிப் பிடிப்பது? 3,00,000-ஐ கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர். மைசூரில் 1935-இல் பேராசிரியர் எம்.வி.கோபாலஸ்வாமி தொடங்கிய ஆகாசவாணி 1955-இல் பெங்களூருக்கு வந்ததே, அந்தப் பெங்களூர் வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் டயலில் 490 மீட்டர் பக்கம். சென்னையின் 720 என்றால் 417. திருச்சியின் 936 என்றால் 320. பொழுது சாய்ந்ததும் மீடியம் வேவ் வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் வரும். நீலசந்திராவில் இருந்துகொண்டு ராத்திரியில் திருச்சியைக் கேட்டவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். பகலில் முயற்சி செய்துவிட்டு வானொலியைக் குறை சொல்லாதீர்கள்.

எஃப்.எம். பற்றிக் கேட்கிறார்கள். பி.பி.சி. 1955-இலேயே தொடங்கிவிட்டாலும் பிரிட்டிஷ் கார் செட்டுகளில் அது வெகுகாலம் அபூர்வம். நம் நாட்டில் முதல் எஃப்.எம். சென்னையில் 1977-இல், பெங்களூரில் தனியார் எஃப்.எம். ஒலிபரப்பு 2001-இல். ஆகவே 60-களின் பிரிட்டிஷ் செட்டில் எஃப்.எம். கேட்கிறது என்றால் அநேகமாக யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கார் செட்டுக்கும் வீட்டுச் செட்டுக்கும் உள்ளே ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டு வானொலியில் ஸ்டேஷன் திருப்ப, தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கேங் கண்டென்சர் இருக்கும். குண்டும் குழியுமான சாலையில் அந்தத் தகடுகள் அதிர்ந்தால் ஸ்டேஷன் நழுவும். அதனால் கார் செட்டில் பெரும்பாலும் சுருளுக்குள் ஃபெரைட் தண்டு உள்ளே போய் வெளியே வரும்படி வைப்பார்கள். பொத்தானை இழுத்து, ஸ்டேஷனைப் பிடித்து, மறுபடி அமுக்கினால் அந்தத் தண்டின் இடத்தை ஒரு இரும்பு நெம்புகோல் நினைவில் வைத்துக்கொள்ளும். மின்சாரமே இல்லாமல் வேலை செய்யும் ஞாபகசக்தி. இந்தத் தண்டு உடைந்தால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். வாங்கும்போது குமிழைக் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்.

இப்போது பேச்சின் தலைப்புக்கு வருகிறேன். பேட்டரி ஒயர்.

1930-களின் நடுவிலிருந்து 60-களின் பிற்பகுதி வரை பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் கட்டினார்கள். இதற்குப் பெயர் பாசிட்டிவ் எர்த்; வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் வழக்கம் அது. துருவும் தேய்மானமும் குறையும் என்று சொன்னார்கள். எம்.ஜி.பி. 1967-இல் நெகட்டிவுக்கு மாறியது, மினி 1969-இல். நம்மிடம் வந்தவை பலவும் அந்த வம்சம். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் சேர்த்துக் கொடுத்த ஆஸ்டின் ஏ40, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு வண்டிகள், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்த இந்துஸ்தான் வண்டிகள். ஆனால் பம்பாயிலிருந்து வந்த ஃபியட் 1100 இத்தாலிய வம்சம். அதில் நெகட்டிவ்தான் பாடியில். ஒரே தெருவில், பக்கத்து பக்கத்து வீட்டில், நேர் எதிரான இரண்டு வழக்கம்.

ஸ்டாண்டர்டை விற்றுவிட்டு ஃபியட் வாங்கினவர் வானொலியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து புது வண்டியில் மாட்டுவார். வால்வு செட், தனி ரெக்டிஃபயர் உள்ளது என்றால் ஒன்றும் ஆகாது, பாடும். இரட்டைக் கான்டாக்ட் வைப்ரேட்டர் என்றால் வோல்ட் தலைகீழாகி ஃபில்டர் கண்டென்சர் சூடாகும். சில செட்டுகளில் வைப்ரேட்டரையே திருப்பிச் செருகினால் சரியாகும். டிரான்சிஸ்டர் செட் என்றால் சுவிட்ச் போட்ட நொடியில் பவர் டிரான்சிஸ்டர் போய்விடும். புகைகூட வராது. பழைய பிரிட்டிஷ் டிரான்சிஸ்டர் செட்டுகள் நம் ஊரில் இவ்வளவு பேர் கையில் ஊமையாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் முடிவு.

எனவே ஒரு செட் எந்த எர்த் என்று தெரியாமல் பேட்டரியைக் காட்டாதீர்கள். தெரிந்துகொள்வது எப்படி? மேலட்டையில் 'பாசிட்டிவ் எர்த்' என்ற சீட்டு ஒட்டியிருக்கலாம். சில செட்டுகளில் திருப்பிச் செருகும் சின்ன பிளக் உண்டு, இரண்டு நிலைக்கும் குறி போட்டிருக்கும். அந்த பிளக் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள், கடைசியாக எந்த மாதிரி வண்டியில் இருந்தது என்பது தெரிந்துவிடும். சீட்டும் பிளக்கும் இல்லையா? டிரான்சிஸ்டர் செட்டில் பேட்டரி ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஒன்று இருக்கும். அதன் எந்த முனை பெட்டியின் உலோகத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது? பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ் எர்த் செட். வால்வு செட்டில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே 200 வோல்ட் பக்கத்துக் கண்டென்சரின் நெகட்டிவ் பெரும்பாலும் பெட்டியில்தான் இருக்கும், பேட்டரி எப்படி இருந்தாலும்.

வண்டியைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பழைய ஸ்டாண்டர்டையும் அம்பாசடரையும் ஆல்டர்னேட்டர் போடும்போது நெகட்டிவுக்கு மாற்றிய பட்டறைகள் ஏராளம். கையில் வோல்ட் மீட்டரை எடுங்கள். பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் வையுங்கள். அரை நிமிஷ வேலை.

இன்ஜின் ஓடும்போது வானொலியில் கேட்கும் படபட சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரில் ஒரு ரெசிஸ்டர், காயிலிலும் டைனமோவிலும் ஒவ்வொரு கண்டென்சர் இருக்க வேண்டும். பிரிட்டனில் இக்னிஷன் இரைச்சலை அடக்க வேண்டும் என்று 1952-இல் சட்டமாகவே ஆக்கினார்கள். பழைய வண்டியில் இவை கழன்று போயிருக்கும். வானொலியைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

உயிர்ப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வைப்ரேட்டர் செட்டில் டிரான்ஸ்ஃபார்மரின் உயர் வோல்ட் பக்கத்தில் குறுக்கே ஒரு சின்னக் கண்டென்சர் இருக்கும், ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தாங்கக்கூடியது. பார்க்க அற்பம். காகிதக் கண்டென்சர் எழுபது வருஷம் தாங்காது; அது ஒழுகினால் வைப்ரேட்டரின் கான்டாக்ட் கருகும், டிரான்ஸ்ஃபார்மரும் போகும். ஆகவே சுவிட்சைப் போடும் முன் அதை மாற்றிவிடுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் புதுக் கண்டென்சரின் விலை ஒரு பிளேட் இட்லிக்கும் குறைவு. டிரான்ஸ்ஃபார்மரை விலைக்கு வாங்க முடியாது, சுற்றித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, இது மனவருத்தத்தோடு சொல்வது. இப்போது பழைய செட்டின் குடலை உருவிவிட்டு உள்ளே புளூடூத் போர்டை வைப்பது ஃபேஷனாகிவிட்டது. முகப்பு மட்டும் பழசு. போனில் இருக்கும் இளையராஜா பாட்டு பழைய ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. அதற்குக் குடலை உருவ வேண்டியதில்லை. போனின் ஒலியை மீடியம் வேவ் சிக்னலாக்கி ஏரியல் சாக்கெட்டுக்குள் நேராக ஊட்டும் சின்ன சர்க்யூட்டை எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் எந்தப் பையனும் கட்டிவிடுவான். வானொலி அதை இன்னொரு ஸ்டேஷன் என்று நினைத்துப் பாடும். வேண்டாம் என்றால் பிடுங்கிவிடலாம், செட்டில் ஒரு ஒயர்கூட அறுபடாது.

டாஷ்போர்டில் எந்தச் செட் எப்படி உட்கார்ந்திருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோயம்புத்தூரில் ஜி.டி.நாயுடுவின் குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளை வரிசையாகப் பார்க்கலாம். வீட்டிலும் தேடுங்கள். ஒரு காலத்தில் வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும்; பாஸ்புக் மாதிரி சின்னப் புத்தகம், உள்ளே ஸ்டாம்புகள் ஒட்டி முத்திரை குத்தியிருக்கும். 1980-களில் அந்த முறை ஒழிந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அது கிடந்தால் குப்பையில் போடாதீர்கள். சிலவற்றில் செட்டின் பெயரும் எழுதியிருக்கும். தேதியோடு கூடிய வேறு ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

குஜிரிக் கடை வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். இரண்டு பெட்டி உள்ள வால்வு செட் வந்தால், டயல் உள்ளதை ஷோவுக்கென்று ஒருவருக்கும், கனமான பெட்டியைச் செம்புக்கென்று எடைபோட்டு இன்னொருவருக்கும் விற்காதீர்கள். பிரிந்துவிட்டால் இரண்டும் பயனில்லை. நடுவிலிருக்கும் கேபிளை வெட்டாமல், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வையுங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.